கேஸ் சிக்குகிறதா? ஸ்பிரிங்கை விட்டுவிட்டு மணிக்கட்டைப் பார்

அக்கா என்று கூப்பிட்டுக் கேட்டிருக்கிறாய், அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

நீ சொன்னது இது. அமெரிக்கா வந்து, கிரீன் கார்டு கையில் கிடைத்த பிறகு, கணவரோடு துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போக ஆரம்பித்திருக்கிறாய். ஒரு சின்ன 9 எம்.எம். பிஸ்டல் வாங்கியிருக்கிறீர்கள். அவர் சுட்டால் ஒரு தடங்கலும் இல்லை. நீ சுட்டால் மட்டும் மேகசினுக்கு, அதாவது தோட்டா அடுக்கும் பெட்டி ஒன்றுக்கு, ஒன்றிரண்டு தடவை காலி கேஸ், சுட்டபின் மிஞ்சும் உலோகக் கூடு, வெளியே போகாமல் ஸ்லைடில், மேலே முன்னும் பின்னும் ஓடும் பாகத்தில், மாட்டிக்கொண்டு செங்குத்தாக நிற்கிறது. ஸ்பிரிங்கை மாற்றலாமா, எக்ஸ்ட்ராக்டரை மாற்றலாமா என்று கேட்கிறாய்.

இரண்டையும் தொடாதே. அதே துப்பாக்கி, அதே தோட்டா, அதே மேகசின், கை மட்டும்தான் வேறு. பாதி பதிலை நீயே எழுதிவிட்டாய்.

மீதிக்குப் போகும் முன் ஒரு திட்டு. கேஸ் சிக்கியதும் "அப்படியே திரும்பி அவரிடம் காட்டினேன்" என்று எழுதியிருக்கிறாயே, அதை இன்னொரு தடவை செய்யாதே. சிக்கின துப்பாக்கிக்குள் அடுத்த தோட்டா எந்த நிலையில் இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. குழல் இலக்குப் பக்கமே இருக்கட்டும், விரல் ட்ரிகரை விட்டு வெளியே வரட்டும். திரும்ப வேண்டியது உன் தலை மட்டும். தெரியவில்லை என்றால் இன்னொரு கையைத் தூக்கு, ரேஞ்ச் ஆபீஸர் வருவார். நமக்கு இந்த ஊரில் அந்நியரைக் கூப்பிடக் கூச்சம் இருக்கும், தெரியும். அங்கே அந்தக் கூச்சம் வேண்டாம்.

சரி, ஏன் சிக்குகிறது? தோட்டா வெடித்ததும் ஸ்லைடு பின்னால் பாய்கிறது. அதிலிருக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கி, காலி கேஸின் விளிம்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறது. எஜெக்டர் என்பது ஃபிரேமில், அதாவது பிடியோடு சேர்ந்த அடிப்பாகத்தில், அசையாமல் நிற்கும் ஒரு சின்ன முனை. பின்னால் வருகிற கேஸ் அதில் மோதி, சுண்டிவிட்ட மாதிரி வலப்பக்கம் பறக்கிறது. மோதும் வேகம்தான் இதில் எல்லாம். அந்த வேகம் கிடைக்க, ஸ்லைடு பின்னால் போகும்போது ஃபிரேம் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். ஃபிரேமைப் பிடித்திருப்பது உன் கை.

பந்து பிடிக்கும்போது வலிக்காமலிருக்கக் கையைப் பின்னால் இழுத்துக்கொள்வோமே, வேகம் அதிலேயே செத்துவிடும். தளர்ந்த மணிக்கட்டும் அதைத்தான் செய்கிறது. ஸ்லைடோடு சேர்ந்து ஃபிரேமும் பின்னால் போனால், ஸ்லைடு முழுத் தூரம் ஓடாது. கேஸ் எஜெக்டரில் மெதுவாகத் தட்டுப்படும், ஸ்லைடில் கேஸ் வெளியேறும் வாசல் வரை வரும், அதற்குள் ஸ்லைடு முன்னால் திரும்பி அதைக் கவ்விக்கொள்ளும். அடுப்புப் புகைக்குழாய் மாதிரி நிற்பதால் இங்கே இதை ஸ்டவ்பைப் என்பார்கள். துப்பாக்கி சின்னதாகவும் எடை குறைவாகவும் இருந்தால் இது இன்னும் சுலபமாக நடக்கும். புதிதாகக் கற்பவர்களிடம் சின்னத் துப்பாக்கியைக் கொடுப்பது ஒரு விநோதமான வழக்கம். சின்னது லேசு என்று நினைக்கிறார்கள், சுடும்போது அதுதான் கடினம்.

நானும் இதே தப்பைச் செய்தேன். முதல் வருடம் ஸ்பிரிங் மாற்றினேன், எக்ஸ்ட்ராக்டர் மாற்றினேன், எண்ணெயை ஊற்றினேன். கடைசியில் பக்கத்துத் தடத்தில் சுட்டுக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா, "உன் கேஸ் எல்லாம் எங்கே விழுகிறது, பார்த்தாயா?" என்று கேட்டார். என் காலடியிலேயே விழுந்து கிடந்தன. அவருடையவை நாலைந்து அடி தள்ளி ஒரே இடத்தில் கிடந்தன. என் துப்பாக்கியை வாங்கி அவர் ஒரு மேகசின் சுட்டார். ஒன்றும் சிக்கவில்லை, கேஸ்களும் தள்ளிப் போய் விழுந்தன.

இப்போது பிடிக்கும் முறை. நீ வலக்கைக்காரி என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதையை, பிடியின் பின்பக்கம் எவ்வளவு மேலே போகுமோ அவ்வளவு மேலே ஏற்று. கை கீழே இருந்தால் ஒவ்வொரு தடவையும் குழல் வானத்தைப் பார்க்கும். ஸ்லைடு ஓடும் பாதையில் மட்டும் சதை வரக் கூடாது, கிழித்துவிடும். குழலும் முன்கையும் ஒரே கோட்டில் இருக்கட்டும்.

வலக்கை பிடித்த பிறகு பிடியின் இடப்பக்கம் ஒரு வெற்றிடம் மிச்சமிருக்கும். இடது உள்ளங்கையின் அடிப்பகுதியை அதில் அழுத்தி நிரப்பு. பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவது இதைத்தான். இடக்கை விரல்கள், ட்ரிகர் வளையத்துக்கு அடியில் ஒட்டி, வலக்கை விரல்களின் மேல் சுற்றிக்கொள்ள வேண்டும். டீ கப்புக்குச் சாஸர் பிடிப்பதுபோல் அடியில் கையைத் தாங்கலாக வைக்காதே, படத்துக்கு நன்றாக இருக்கும், உதைப்புக்கு உதவாது. கட்டை விரல்கள் இரண்டும் இடப்பக்கமாக முன்னோக்கி நீளட்டும், ஆனால் ஸ்லைடில் உரசக் கூடாது. உரசினாலும் வேகம் குறையும், கேஸ் சிக்கும். ஸ்லைடைத் திறந்தபடி நிறுத்தும் ஸ்லைடு ஸ்டாப் நெம்புகோல் மேல் விரல் உட்கார்ந்துவிட்டால், கடைசித் தோட்டாவுக்குப் பிறகு ஸ்லைடு திறந்து நிற்காது. கட்டை விரலை ஸ்லைடுக்குப் பின்னால் குறுக்காகப் போடவே போடாதே.

எவ்வளவு அழுத்தம்? கை நடுங்கும்வரை இறுக்கு, அப்புறம் நடுக்கம் நிற்கும்வரை கொஞ்சம் தளர்த்து. இடக்கைதான் அதிகம் இறுக்க வேண்டும். வலக்கை முழுப் பலத்தோடு இறுக்கினால் ட்ரிகர் விரலும் சேர்ந்து இறுகி, குண்டு கீழே போகும். மணிக்கட்டுகளைப் பூட்டு, முழங்கை லேசாக மடங்கியிருக்கட்டும், உடம்பு கொஞ்சம் முன்னால் சாயட்டும். ஒவ்வொரு சூட்டுக்குப் பிறகும் பிடியைத் திருத்த வேண்டியிருந்தால், இன்னும் தளர்வாகத்தான் பிடித்திருக்கிறாய்.

இவ்வளவும் செய்தும் சிக்கினால், அல்லது உன் கணவருக்கும் சிக்க ஆரம்பித்தால், அப்போது துப்பாக்கியைச் சந்தேகப்படலாம். மேகசின்களில் எண் எழுதிவை, ஒன்றில் மட்டும் வருகிறதா என்று தெரிந்துவிடும். 115 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) மலிவுத் தோட்டாவுக்குப் பதில் 124 கிரெய்ன் ஒரு பெட்டி போட்டுப் பார். எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்கு அடியில் கரி படிந்திருக்கும், பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். எண்ணெய், ஸ்லைடு ஓடும் தண்டவாளத்தில் சில துளி மட்டும், என்னைப் போல் குளிப்பாட்டாதே. கேஸ், குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் சேம்பரைவிட்டே வரவில்லை என்றால் அது வேறு நோய். சேம்பர் அழுக்கையும் எக்ஸ்ட்ராக்டரையும் அப்போதுதான் பார்க்க வேண்டும்.

ஒன்றை மட்டும் நீயாகச் சரிசெய்யாதே. சத்தம் வழக்கத்தைவிட மந்தமாகக் கேட்டால் உடனே நிறுத்து. குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கலாம்.

வீட்டில் பழக, நிஜத் தோட்டா இல்லாத அறையில், துப்பாக்கி காலிதானா என்று இரண்டு தடவை சோதித்துவிட்டு, வெடிக்காத டம்மி தோட்டாவோடு வெறுமனே ட்ரிகர் இழுத்துப் பழகு. தினம் பத்து நிமிஷம் போதும். ரேஞ்சில் அவரிடம் சொல்லி மேகசினில் உனக்குத் தெரியாமல் ஒரு டம்மியைக் கலக்கச் சொல். அது வரும்போது குழல் சட்டென்று கீழே குனிந்தால், சத்தத்துக்கு முன்பே நீ பயந்துகொள்கிறாய் என்று புரியும். எனக்கு அது நிற்க ஒரு வருடம் ஆனது.

கடைசியாக, எஃப்-1 மாணவர் விசாவில் இருக்கும் தம்பியையும் கூட்டிப் போய்ச் சுட வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். படிப்பு, வேலை போன்ற தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்திய சட்டம் தடுக்கிறது, ரேஞ்சில் கொஞ்ச நேரம் கையில் வாங்குவதும் அதில் அடங்கும். ஏதாவது ஒரு மாநிலத்தில் முறையாக வாங்கிய வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு விதிவிலக்கு உண்டு. ஆனால் அதை நம்பிக் கிளம்பும் முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்கட்டும், விசாவே போய்விடும் விஷயம் இது.

அடுத்த தடவை மேகசினில் ஐந்தே தோட்டா போட்டுச் சுடு. கேஸ் எங்கே விழுகிறது என்று அவரைப் பார்க்கச் சொல்லி, எனக்கு எழுது.