விமானச் சீட்டுக்கும் ரயில் சீட்டுக்கும் நடுவே: பயனீட்டாளர் கேள்வி-பதில்

கேள்வி: வரும் ஜூன் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு ஐரோப்பா செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். நானும் கணவரும், 14, 9 வயதுப் பிள்ளைகள் இருவரும், 66 வயது மாமியாருமாக மொத்தம் ஐவர். அனைவரும் சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள். சிங்கப்பூரிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு விமானம், அங்கிருந்து ரயிலில் சூரிக், பிறகு மிலான், அதன்பின் பாரிஸ். பாரிசிலிருந்து விமானத்தில் வீடு திரும்புகிறோம். பயண முகவர் ஒருவர் ஐவருக்கும் யூரேல் பாஸ் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் ரயில்களிலும் செல்லும் ஒரே சீட்டு) எடுக்கச் சொல்கிறார். தனித்தனிச் சீட்டுதான் மலிவு என்கிறார் என் தோழி. விமானம் காலை 6 மணிக்குத் தரையிறங்கும். எட்டு மணிக்கு முன் புறப்படும் ரயிலுக்குப் பாதி விலையில் சீட்டு கிடைக்கிறது. வாங்கிவிடலாமா?
— தெம்பனிஸ் வாசகி

பதில்: அந்தப் பாதி விலைச் சீட்டை வாங்க வேண்டாம். ரயில் சீட்டுகள் எல்லாவற்றையும் நான் மறுக்கவில்லை. விமானத்திலிருந்து இறங்கிய கையோடு ஏறவேண்டிய அந்த முதல் ரயிலுக்கு மட்டும்தான் இதைச் சொல்கிறேன்.

ஜெர்மன் ரயில்வே விற்கும் சலுகை விலைச் சீட்டு, அதில் குறிக்கப்பட்டுள்ள அந்த ஒரு நெடுந்தூர ரயிலுக்கு மட்டுமே செல்லும். அந்தக் கட்டுப்பாட்டை அவர்கள் மொழியில் 'ட்சூக்பிண்டுங்' என்பார்கள். ரயில்வேயின் தவறால் நீங்கள் போய்ச் சேரவேண்டிய இடத்தை 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாக அடைவீர்கள் என்ற நிலை வந்தால், கட்டுப்பாடு தானாகவே நீங்கிவிடும். அதே சீட்டைக் கொண்டு வேறு ரயிலில் ஏறலாம். ஆனால் தாமதமாக வந்தது உங்கள் விமானம் என்றால் ரயில்வேக்கு அதில் பொறுப்பில்லை, சீட்டு செல்லாக்காசாகிவிடும். விமான நிறுவனமும், உங்களை ஃபிராங்க்ஃபர்ட்டில் கொண்டுவந்து சேர்த்ததோடு தன் வேலை முடிந்தது என்றே சொல்லும். இரண்டு சீட்டுகளும் செல்லத்தக்கவை, இரண்டு நிறுவனங்களும் நேர்மையானவை. ஆனாலும் இடையில் விழுந்த நட்டம் முழுவதும் உங்கள் தலையில்.

சில ஆண்டுகளுக்கு முன் எனக்கே இது நேர்ந்தது. என் விமானம் இரண்டரை மணி நேரம் தாமதமாக இறங்கியது. ஃபிராங்க்ஃபர்ட்டின் நெடுந்தூர ரயில் நிலையம் முதலாம் முனையத்துக்கு அருகிலேயே இருக்கிறது; நடைபாலத்தின் வழியாகப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடியபோது, அறிவிப்புப் பலகையில் என் ரயிலின் பெயரே இல்லை. அது போய் ஒரு மணி நேரத்துக்கு மேலாகியிருந்தது. முகப்பில் இருந்த அம்மையார் என் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது அந்த ரயிலுக்கு மட்டும்" என்று மிகக் கனிவாகச் சொன்னார். அன்றைய முழு விலையில் புதுச் சீட்டு வாங்கினேன். சலுகைச் சீட்டில் மிச்சம் பிடித்ததைப் போல இரு மடங்குக்கும் மேல் அங்கே போயிற்று. நான் ஓர் ஆள், நீங்கள் ஐவர்.

குடிநுழைவு வரிசையையும் கணக்கில் கொள்ளுங்கள். 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் நாடுகளின், அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளின், வெளி எல்லைகளில் புதிய நுழைவு–வெளியேற்றப் பதிவு முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அந்த முறையில் முதன்முறை பதிவாகும் பயணியின் முகமும் கைரேகையும் எடுக்கப்படுகின்றன. 12 வயதுக்குட்பட்ட உங்கள் இளைய பிள்ளைக்குக் கைரேகை தேவையில்லை. விமானம் சரியான நேரத்துக்கே வந்தாலும், குடிநுழைவு, பெட்டிகள், கழிப்பறை, மாமியாரின் நடைவேகம் ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான இடைவெளி எனக்கு நிம்மதி தரவில்லை.

உங்களுக்கு மூன்று வழிகள் உண்டு. விமானச் சீட்டிலேயே ரயில் பயணத்தையும் சேர்த்து விற்கும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. ஜெர்மன் விமான நிறுவனமான லுஃப்தான்சா, 'எக்ஸ்பிரஸ் ரயில்' என்ற பெயரில் ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்திலிருந்து செல்லும் ரயில்களுக்கு விமான எண் கொடுத்து விற்கிறது. ஒரே பதிவு எண்ணின்கீழ் விமானமும் ரயிலும் வரும்போது, விமானம் தாமதமானால் அடுத்த ரயிலில் இடம் தருவது நிறுவனத்தின் பொறுப்பாகிவிடும். நீங்கள் போகும் தடத்துக்கு அப்படி ஒரு சீட்டு விற்கப்படுகிறதா என்று முகவரிடம் முதலில் இதைத்தான் கேளுங்கள். அது இல்லையென்றால், முதல் ரயிலுக்கு மட்டும் எந்த ரயிலிலும் ஏறக்கூடிய நெகிழ்வுச் சீட்டை வாங்குங்கள். அதுவும் கட்டுப்படியாகாவிட்டால் முதல் நாளிரவை ஃபிராங்க்ஃபர்ட்டிலேயே கழித்துவிட்டு மறுநாள் சலுகைச் சீட்டில் செல்லுங்கள். 13 மணி நேரம் போல உட்கார்ந்து வந்த முதியவருக்கு அன்று ஒரு கட்டில்தான் பெரிய உதவி. சூரிக்–மிலான், மிலான்–பாரிஸ் ரயில்களுக்கு விடுதியிலிருந்தே கிளம்புகிறீர்கள் என்பதால், அவற்றுக்கு ரயில் குறித்த மலிவுச் சீட்டுகளை முன்கூட்டியே தயங்காமல் வாங்கலாம்.

இனி பாஸ் பற்றி. உங்கள் திட்டத்தில் ரயிலேறும் நாள்கள் மூன்றுதான். பல நாடுகளுக்கும் செல்லும் யூரேல் பாஸில் மிகச் சிறியதே ஒரு மாதத்துக்குள் நான்கு பயண நாள்களைக் கொண்டது. ஆக, பயன்படுத்தாத ஒரு நாளுக்கும் காசு கொடுக்கிறீர்கள். அதைவிட முக்கியம், பாஸ் என்பது பயணம் செய்யும் உரிமை மட்டுமே. இருக்கை அதில் அடங்காது. சுவிட்சர்லாந்திலிருந்து இத்தாலிக்குப் போகும் ரயிலுக்கும் பாரிஸ் செல்லும் அதிவேக ரயிலுக்கும் இருக்கை முன்பதிவு கட்டாயம். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு, பாஸ் வைத்திருப்போருக்கென ஒதுக்கும் இடங்களும் குறைவு. உங்கள் 9 வயதுப் பிள்ளைக்குப் பெரியவர் ஒருவரோடு சேர்ந்து இலவச பாஸ் கிடைக்கும், 14 வயதுப் பிள்ளைக்கு இளையர் விலை, 60 வயதைத் தாண்டிய மாமியாருக்கு 10 விழுக்காடு கழிவு. ஆனால் இலவச பாஸ் இருந்தாலும் இருக்கைக் கட்டணத்தைத் தனியாகத்தான் கட்ட வேண்டும். ஒரு தாளை எடுத்து, இடப்பக்கம் பாஸ் விலையோடு முன்பதிவுக் கட்டணங்களையும், வலப்பக்கம் மூன்று தடங்களின் சீட்டு விலையையும் எழுதிக் கூட்டுங்கள். காலையில் எழுந்து, இன்று எந்த ஊருக்குப் போகலாம் என்று முடிவெடுப்பவர்களுக்கு பாஸ் அருமையான பொருள். தேதியும் ஊரும் முன்பே தீர்மானித்துவிட்ட உங்களைப் போன்றோருக்கு உங்கள் தோழி சொல்வதே சரியாக இருக்கும்.

பயணக் காப்புறுதி இந்த இடைவெளியை அடைத்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். பயணத் தாமதத்துக்கான இழப்பீடு 6 மணி நேரத் தாமதத்துக்குப் பிறகே தொடங்கும் என்று வரையறுப்பது இங்கே வழக்கம். உங்கள் ரயிலைத் தவறவிட இரண்டு மணி நேரமே போதும். இணைப்புப் பயணம் தவறுதல் என்ற பிரிவு உங்கள் திட்டத்தில் இருந்தால், அது விமானத்திலிருந்து ரயிலுக்கு மாறுவதையும் உள்ளடக்குகிறதா என்று வாங்குமுன் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

ரயிலே தாமதமானால் நிலைமை மேல். ஐரோப்பிய ஒன்றியத்தின் ரயில் பயணி உரிமை விதியின்படி, 60 நிமிடத் தாமதத்துக்குக் கட்டணத்தில் 25 விழுக்காடும் 120 நிமிடமோ அதற்கு மேலோ ஆனால் 50 விழுக்காடும் கேட்டுப் பெறலாம். கடும் வானிலை போன்ற காரணங்களுக்கு விலக்கு உண்டு.

கேள்வி: கடந்த டிசம்பரில் நாங்கள் நால்வர் பாரிசிலிருந்து சிங்கப்பூர் திரும்பியபோது, இயந்திரக் கோளாறு என்று சொல்லி விமானத்தை நிறுத்திவைத்தார்கள். சாங்கி வந்து சேர ஐந்து மணி நேரம் தாமதம். உணவுச் சீட்டு ஒன்று கொடுத்தார்கள். பின்னர் மின்னஞ்சல் அனுப்பியபோது, தாங்கள் ஐரோப்பிய நிறுவனம் இல்லை என்பதால் இழப்பீடு கிடையாது என்று பதில் வந்தது. உண்மையா?
— ஈசூன் வாசகர்

பதில்: அந்தப் பதில் தவறு, விட்டுவிடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 எண் விதி, ஒன்றியத்து விமான நிலையத்திலிருந்து புறப்படும் எந்த விமானத்துக்கும் பொருந்தும். நிறுவனம் எந்த நாட்டினுடையது என்பது அங்கே பொருட்டில்லை. நிறுவனம் ஐரோப்பியதா என்ற கேள்வி எழுவது, வெளிநாட்டிலிருந்து ஒன்றியத்துக்குள் வரும் விமானங்களுக்குத்தான். ஆகவே நீங்கள் போகும்போது அதே நிறுவனத்தின் விமானம் அதே அளவு தாமதமாகியிருந்தால் இந்த உரிமை இருந்திருக்காது, திரும்பும்போது இருக்கிறது. ஒரே சீட்டில் இப்படி இரு வேறு நிலை என்பதைப் பலர் அறிவதில்லை. அதனாலேயே நிறையப் பேர் முதல் மறுப்போடு ஓய்ந்துவிடுகிறார்கள்.

3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்துக்கு இழப்பீடு ஆளுக்கு 600 யூரோ. போய்ச் சேரும் இடத்தை மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாக அடைந்தவருக்கும் இது உண்டு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2009ல் தீர்ப்பளித்தது. தாமதம் நான்கு மணி நேரத்துக்குள் இருந்தால் தொகையைப் பாதியாகக் குறைக்கலாம். உங்களுடையது ஐந்து மணி நேரம் என்பதால் அந்தக் குறைப்புக்கு இடமில்லை. வழக்கமான இயந்திரக் கோளாறு தவிர்க்க முடியாத அசாதாரணச் சூழல் ஆகாது என்பதையும் அதே நீதிமன்றம் 2008ல் சொல்லியிருக்கிறது. நால்வரும் கட்டணம் செலுத்திய பயணிகள் என்றால் 2,400 யூரோ கேட்க உங்களுக்கு இடமிருக்கிறது.

நிறுவனத்துக்கு மீண்டும் எழுதுங்கள். விதியின் எண்ணையும், விமான எண்ணையும், நாளையும், விமானத்தின் கதவு திறந்த நேரத்தையும் குறிப்பிடுங்கள். நுழைவுச் சீட்டுகளின் படத்தை இணையுங்கள். பணத்துக்குப் பதிலாகப் பற்றுச்சீட்டு தர முன்வந்தால், நீங்கள் கையொப்பமிட்டு ஒப்புக்கொண்டாலன்றி அது செல்லாது. கோரிக்கையைப் பெற்றுத் தருவதாகச் சொல்லும் இணைய நிறுவனங்கள் தொகையில் ஒரு பெரும் பங்கைக் கழித்துக்கொள்ளும் என்பதால், முதல் இரண்டு கடிதங்களையாவது நீங்களே எழுதுங்கள்.

சாங்கியிலிருந்து புறப்படும் பயணத்துக்கு இப்படி நிலையான தொகை தரும் சட்டம் நம்மிடம் இல்லை. பன்னாட்டு விமானப் பயணத்தில் நிறுவனத்தின் பொறுப்பை வரையறுக்கும் மாண்ட்ரியல் உடன்பாடு மட்டும் உண்டு. சிங்கப்பூர் அதில் 2007ல் இணைந்தது. அதன்கீழ், தாமதத்தால் ஏற்பட்ட உண்மையான செலவை ரசீதோடு நிரூபித்துக் கேட்கலாம். தாமதத்தைத் தவிர்க்க வேண்டியதை எல்லாம் செய்தோம் என்று காட்டி நிறுவனம் தப்பிக்கவும் வழியுண்டு. தவறிப்போன ரயில் சீட்டின் ரசீதைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்க வேண்டியது இதற்காகத்தான். வழக்குத் தொடுப்பதற்கான காலவரம்பு இரண்டு ஆண்டுகள். பெட்டி சேதமானால் 7 நாள்களுக்குள்ளும், தாமதமாகக் கிடைத்தால் அது கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாள்களுக்குள்ளும் எழுத்தில் புகார் கொடுத்தாக வேண்டும்.

கேள்வி: பயணக் கண்காட்சியில் விமானமும் ரயிலும் சேர்ந்த ஒரு திட்டத்துக்கு 3,000 வெள்ளி முன்பணம் கட்டினேன். இப்போது ரயில் இருக்கைக்குத் தனியாகப் பணம் கேட்கிறார்கள்.
— புக்கிட் பாத்தோக் வாசகர்

பதில்: ரசீதிலும் பயணத் திட்டத் தாளிலும் 'ரயில்' என்பதற்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இருக்கையும் சேர்த்தே விலை சொன்னதாக எழுத்தில் இருந்தால், கூடுதல் பணம் கேட்பது நியாயமற்ற வணிக நடைமுறை ஆகலாம். நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு, தீர்வு கிடைக்காவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை அணுகுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது. அது 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரை. வழக்கறிஞர் தேவையில்லை.

பணம் கட்டப்போகும் மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முகவருக்குப் பயணத்துறைக் கழகத்தின் உரிமம் உண்டா என்று கட்டுமுன் சரிபாருங்கள்; கடன்பற்று அட்டையில் கட்டுங்கள்; முகவர் நொடித்துப்போனால் ஈடு தரும் காப்புறுதியைப் பணம் கட்டிய அன்றைக்கே எடுங்கள். நிறுவனம் தடுமாறும் செய்தி வெளியான பிறகு எடுத்த காப்புறுதி பயன் தராது.

கேள்வி: ஜப்பானில் ஒரு வாரம், தோக்கியோவும் ஒசாகாவும் மட்டும். ரயில் பாஸ் வாங்கலாமா?
— செங்காங் வாசகி

பதில்: வேண்டாம். நாடு முழுவதற்குமான ஏழு நாள் சாதாரண பாஸின் விலை 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்கு உயர்ந்தது. தோக்கியோ–ஒசாகா அதிவேக ரயிலில் போய்வர ஏறத்தாழ 29,000 யென்தான் ஆகும். அந்தத் தடத்தில் உங்கள் பயணப் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 சென்டிமீட்டரைத் தாண்டும் என்றால், பெரிய பெட்டிக்கான இடத்தோடு கூடிய இருக்கையைத்தான் பதிவுசெய்ய வேண்டும். அதற்குக் கூடுதல் கட்டணம் இல்லை. பதியாமல் ஏறினால் 1,000 யென் கேட்பார்கள். வீட்டிலேயே பெட்டியை, சக்கரங்களையும் பிடியையும் சேர்த்து, அளந்துவிட்டுப் பதிவுசெய்யுங்கள்.