சோக்கை விட்டால் நிற்கும் பம்ப் முதல் தாத்தாவின் மொரிஸ் வரை: எஞ்சின் கேள்வி பதில்

மாரி முடிந்து வெயில் பிடித்துவிட்டது. மழை மாதங்களில் கொட்டிலுக்குள் கிடந்த பம்ப், லேண்ட்மாஸ்டர் என்ற கை உழவு இயந்திரம் எல்லாம் சிறுபோகத்துக்காக வெளியே வருகின்றன. கேள்விகளும் சேர்ந்தே வருகின்றன. பலருக்கும் உதவக்கூடியவற்றை எடுத்துப் பதில் எழுதுகிறேன். எல்லோரிடமும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: சோதித்துப் பார்க்காமல் சாமான் மாற்றாதீர்கள். நல்ல சாமான்களைக் கழற்றி வீசிவிட்டு, கடைசியில் இரண்டு பாகங்களுக்கு நடுவில் வைக்கும் ஒரு கடதாசி கேஸ்கெட்டில் பிழை இருந்ததைக் கண்டு கவலைப்படுகிறவர்கள் எங்கள் ஊர்களில் நிறையப் பேர்.

வெல்லாவெளியிலிருந்து: அண்ணன், ஹொண்டா வாட்டர் பம்ப். மாரி முழுக்க சும்மா கிடந்தது. இப்போது சோக் போட்டால் ஸ்டார்ட் ஆகிறது, சோக்கைத் திறந்ததும் நின்றுவிடுகிறது. காபரேட்டர் புதிதாகப் போடச் சொல்கிறார்கள்.

போடாதீர்கள் தம்பி. பிழை எங்கே என்பது உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. காபரேட்டர் என்பது பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுப்பது. சோக் என்பது அதற்குள் போகும் காற்றைக் குறைக்கும் தகடு. காற்றைக் குறைத்தால்தான் ஓடுகிறது என்றால், வரவேண்டிய அளவு பெற்றோல் வரவில்லை, அல்லது வரக்கூடாத இடத்தால் காற்று வருகிறது. மாதக்கணக்காகப் பெற்றோல் தேங்கிக் கிடந்த எஞ்சினில் முதலாவதுதான் பெரும்பாலும் காரணம். பெற்றோலில் ஆவியாகும் பகுதி போய்விட, மிச்சம் பிசினாகி, பெற்றோலை அளந்து விடும் ஜெட்டின் துளையை அடைத்துவிடும்.

முதலில் டாங்கிலிருக்கும் பழைய பெற்றோலை வடித்துவிடுங்கள். மணந்து பார்த்தாலே தெரியும், பழையது புளித்த வார்னிஷ் மணம் மணக்கும். பெற்றோலைத் திறந்து மூடும் டப்புக்குக் கீழே ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும், அதற்குள் தண்ணீரும் துருவும் தேங்கும். அதையும் கழற்றித் துடையுங்கள். பிறகு காபரேட்டரின் அடிக்கிண்ணத்தைப் பிடித்திருக்கும் ஒற்றை நட்டைக் கழற்றினால் நடுவில் பித்தளை மெயின் ஜெட் தெரியும். பொருத்தமான ஸ்க்ரூட்ரைவரால் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடியுங்கள். வட்டமாக வெளிச்சம் தெரியவேண்டும். அதற்கு மேலே பக்கவாட்டில் சின்னச் சின்ன ஓட்டைகளோடு ஒரு குழாய் இருக்கும், அது தானாக வழுக்கி விழும். பலரும் ஜெட்டை மட்டும் ஊதிவிட்டு அதை மறந்துவிடுகிறார்கள். துளை குத்த ஊசி வேண்டாம், பித்தளை கீறிப் பெருத்துவிடும். மின்வயருக்குள் இருக்கும் மெல்லிய செப்பு இழை ஒன்றை எடுத்துக் குத்துங்கள்.

இவ்வளவும் செய்தும் அதே நிலை என்றால், காபரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள கேஸ்கெட்டைப் பாருங்கள். வெடித்திருந்தால் அதுதான் கள்ளக்காற்று போகும் வழி. அடுத்த முறை வேலை முடிந்ததும் பெற்றோல் டப்பைப் பூட்டிவிட்டு எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். கிண்ணம் காய்ந்து கிடந்தால் பிசின் பிடிக்காது.

அதே தம்பி மீண்டும்: ஜெட் அடைப்புத்தான் அண்ணன், இப்போது ஓடுகிறது. ஆனால் வாய்க்கால் கரையில் வைத்தால் சில நிமிடத்தில் நிற்கிறது. வீட்டு முற்றத்தில் நிற்பதில்லை.

கரை சரிவு. ஹொண்டாவின் இந்த வகை எஞ்சின் பலவற்றில் ஒயில் குறைந்தால் பிளக்குக்குப் போகும் மின்சாரத்தை வெட்டும் சென்சர் உண்டு. சரித்து வைத்தால் ஒயில் ஒரு பக்கம் போய், இல்லை என்று அது நினைக்கும். மண்ணை வெட்டிச் சமப்படுத்தி வையுங்கள், ஒயிலையும் பாருங்கள். ஜிஎக்ஸ் 160 எஞ்சினுக்குப் பிடிப்பதே சுமார் 600 மில்லிலீற்றர்தான், கொஞ்சம் குறைந்தாலும் பெரிய குறைவு. அந்தச் சென்சர் வயரைக் கழற்றிவிடச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். கழற்றாதீர்கள். ஒயில் இல்லாமல் ஓடி, பிஸ்டனோடு இணைந்த தண்டான கனெக்டிங் ரொட் உடைந்த பம்பை மீட்கும் செலவில் பாதிப் பம்ப் வாங்கலாம்.

சம்மாந்துறையிலிருந்து: காக்கா, பம்ப் நன்றாக ஓடுகிறது, தண்ணீர்தான் ஏறவில்லை.

பம்பின் வயிற்றில் தண்ணீர் நிரப்பிவிட்டுத்தானே ஸ்டார்ட் செய்கிறீர்கள்? அப்படியென்றால் உறிஞ்சும் ஹோசைப் பாருங்கள். அதில் ஊசித் துளையளவு ஓட்டை இருந்தாலும் தண்ணீர் வெளியே ஒழுகாது, காற்றுத்தான் உள்ளே போகும். அதனால் கண்ணுக்குப் படாது. கிளிப் இறுக்கம், கப்ளிங் வாசர், அடியிலுள்ள கூடை, எல்லாவற்றையும் பாருங்கள். கிணற்று நீர்மட்டத்துக்கும் பம்புக்கும் உள்ள உயரமும் முக்கியம். மேலே இருந்து உறிஞ்சும் எந்தப் பம்பானாலும் காற்றமுக்கம் தள்ளித்தான் தண்ணீர் மேலே வருகிறது. கணக்குக்கு 10 மீற்றர், நடைமுறையில் 7 மீற்றர் தாண்டினால் கஷ்டம். கோடையில் கிணறு இறங்கினால் பம்பைக் கீழே இறக்குவதுதான் வழி, எஞ்சினைப் பெருப்பிப்பது அல்ல.

வாழைச்சேனையிலிருந்து: அண்ணே, தோணி எஞ்சின், மண்ணெண்ணெயில் ஓடுவது. பின்பக்கம் பீய்ச்சும் தண்ணீர் மெலிந்துவிட்டது. எஞ்சினும் சூடாகிறது.

உடனே நிற்பாட்டுங்கள், அந்தத் தண்ணீர்தான் எஞ்சினின் உயிர். ஆனால் முதலில் மலிவானதைப் பாருங்கள். தண்ணீர் பீய்ச்சும் துளையிலேயே மண்ணோ உப்போ அடைத்திருக்கலாம், மெல்லிய கம்பியால் குத்திவிடுங்கள். கீழே தண்ணீர் உறிஞ்சும் வாயில் பொலித்தீன் பை, பாசி சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் வாவியில் இது அடிக்கடி நடக்கிறது. இரண்டும் சரியென்றால் எஞ்சினின் தண்ணீருக்குள் இறங்கும் பகுதியான கீழ்க்காலைக் கழற்றி, தண்ணீரை மேலே தள்ளும் இதழ்ச் சில்லான இம்பெல்லரைப் பார்க்க வேண்டும். அது ரப்பர், மணல் அரைத்து இதழ் தேய்ந்துவிடும். இதழ் ஏதாவது உடைந்திருந்தால் உடைந்த துண்டையும் தேடி எடுங்கள். அதை விட்டுவிட்டுப் புதியது போட்டால் துண்டு மேலே தண்ணீர் வழியில் சிக்கி மறுபடியும் சூடாகும். கரையில் வைத்துத் தண்ணீரில்லாமல் ஸ்டார்ட் செய்து காட்டும் பழக்கத்தையும் விடுங்கள், அதில்தான் பாதி இம்பெல்லர் கருகுகிறது.

உப்புக்கு மருந்து நல்ல தண்ணீர். கடலுக்குப் போய் வந்ததும் ஒரு பீப்பாயில் கிணற்றுத் தண்ணீர் நிரப்பி எஞ்சினின் காலை அதற்குள் விட்டு பத்து நிமிடம் ஓடவிடுங்கள். காலில் ஒட்டியிருக்கும் சாம்பல் நிறத் துத்தநாகக் கட்டிக்குப் பெயின்ற் அடிக்க வேண்டாம். எஞ்சினின் அலுமினியத்துக்குப் பதிலாகத் தான் கரைவதற்குத்தான் அது இருக்கிறது. பெயின்ற் அடித்தால் அது கரையாது, கால் கரையும்.

மண்ணெண்ணெய் எஞ்சினைப் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து சூடான பிறகு மாற்றுவது எல்லோருக்கும் தெரியும். திரும்பி வரும்போது கரை சேர்வதற்குக் கொஞ்சம் முன்பே பெற்றோலுக்கு மாற்றி ஓட்டுவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். காபரேட்டருக்குள் மண்ணெண்ணெய் நின்றால் அடுத்த நாள் விடியற்காலையில் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்றுவிடும்.

பாலமீன்மடுவிலிருந்து: தோணி கவிழ்ந்து எஞ்சின் உப்புத் தண்ணீரில் மூழ்கிவிட்டது. இரவுதான் கரைக்கு எடுத்தோம். மெக்கானிக் நாளை மறுநாள்தான் வருவார்.

அதுவரை வெளியே காயவிடாதீர்கள். உப்புத் தண்ணீரோடு காற்றும் சேரும்போதுதான் துரு ஓட்டமாகப் பிடிக்கிறது. பிளக்கைக் கழற்றிக் கவிழ்த்துத் தண்ணீரை வடியுங்கள், நல்ல தண்ணீரால் உள்ளும் புறமும் கழுவுங்கள், கயிற்றை மெதுவாக இழுத்து மிச்சத்தை வெளியேற்றுங்கள். இழுக்கும்போது கொஞ்சமாவது பிடித்தால் நிறுத்திவிடுங்கள். பிறகு ஒயில் ஊற்றிச் சுற்றி, அன்றைக்கே ஸ்டார்ட் செய்து ஓடவிட முடிந்தால் பெரும்பாலும் பிழைக்கும். முடியாவிட்டால் பெரிய பீப்பாயில் நல்ல தண்ணீர் நிரப்பி எஞ்சினை முழுதாக மூழ்க வைத்துவிடுங்கள். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் திறந்து சுத்தம் செய்யும்வரை காற்றுப் படாமல் வைத்திருக்க அதைவிட நல்ல வழி இல்லை.

ஏறாவூரிலிருந்து: வெள்ளத்தில் காரின் சீற் வரை தண்ணீர் ஏறியது. வடிந்த பிறகு ஒருதரம் ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

கூடாது. சாவியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள், பற்றறியின் வயரையும் கழற்றுங்கள். தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது ஸ்டார்ட்டர் சுற்றினால் பிஸ்டன் மேலே வர இடமில்லாமல் கனெக்டிங் ரொட் வளைந்துவிடும். வெள்ளத்தில் எஞ்சின் சாவதில்லை. வெள்ளம் வடிந்த பிறகு அந்த “ஒருதரம் பார்ப்போம்” என்பதில்தான் சாகிறது.

பிளக்குகளைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். ஒயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் முழுவதையும் வடித்து, புது ஒயில் போட்டு, கொஞ்சம் ஓட்டிவிட்டு மறுபடியும் மாற்ற வேண்டும். அந்த முதல் ஒயில் கழுவுவதற்குத்தான், மலிவானதே போதும். கியர்பொக்ஸ், பின் டிபரன்ஷல் இரண்டுக்கும் மேலே மூச்சுவிடும் துளை உண்டு. அதனால் தண்ணீர் போயிருக்கும், அங்கேயும் பாருங்கள். பெற்றோல் டாங்கின் அடியில் தண்ணீர் தங்கும். பிரேக் டிரம்களைக் கழற்றாமல் விட்டால் லைனிங் ஒட்டிப்பிடித்துவிடும். வாவித் தண்ணீர் கலந்த வெள்ளமென்றால் இதெல்லாவற்றுக்கும் முன் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

கொக்கட்டிச்சோலையிலிருந்து: லேண்ட்மாஸ்டரில் டீசல் முடிந்து நின்றது. ஊற்றிய பிறகும் ஸ்டார்ட் ஆகவில்லை. இன்னொன்று, தண்ணீர்ப் பெட்டியில் ஆவி வருவது பிழையா?

குழாயில் காற்று நிற்கிறது. பில்டரின் மேலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நின்று டீசல் மட்டும் வரும்வரை விட்டு இறுக்குங்கள். அடுத்து டீசல் பம்பில், கடைசியாக டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டரின் நட்டில் அதேபோல. நட்டைத் தளர்த்திச் சுற்றும்போது விரலை அங்கே கொண்டுபோகாதீர்கள். அந்த அமுக்கத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், பிறகு ஆஸ்பத்திரிதான்.

திறந்த பெட்டி வைத்த எஞ்சினில் ஆவி வருவது இயல்பு. கொதித்து ஆவியாகித்தான் அது சூட்டைத் தணிக்கிறது. தண்ணீர் குறையாமல் ஊற்றிக்கொண்டிருங்கள். வற்றிப்போய்ச் சூடேறியிருந்தால் மட்டும் உடனே பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஹெட் வெடிக்கும். புகையின் நிறம் எதைக் காட்டுகிறது என்று கேட்ட இன்னொருவருக்கு: கறுப்பு என்றால் டீசல் கூட அல்லது காற்றுக் குறைவு, எயார் கிளீனரைப் பாருங்கள். நீலம் ஒயில் எரிவது. ஓடிச் சூடான பிறகும் வெள்ளை என்றால் டீசல் எரியாமல் போகிறது, அமுக்கமும் இன்ஜெக்டரும் பார்க்க வேண்டும்.

அக்கரைப்பற்றிலிருந்து: மோட்டார் சைக்கிளில் ஒயில் ஊற்றாமலே அளவு கூடுகிறது. இது எப்படி?

ஒயிலை மணந்து பாருங்கள், பெற்றோல் மணக்கும். காபரேட்டரின் கிண்ணம் நிரம்பியதும் பெற்றோலை நிறுத்தும் மிதவை ஊசி சரியாக மூடவில்லை, நீங்களும் இரவில் டப்பைப் பூட்டுவதில்லை. பெற்றோல் வழிந்து சிலிண்டரால் கீழே ஒயிலோடு சேர்கிறது. அந்த ஒயிலோடு ஓட்டாதீர்கள். வடித்துவிட்டு ஊசியை மாற்றுங்கள். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டு நாட்களில் தொடங்கிய, பெற்றோலில் மண்ணெண்ணெய் கலக்கும் பழக்கம் இன்னும் உங்களிடம் இருந்தால் அதையும் விடுங்கள். எரியாத மண்ணெண்ணெயும் இதே வழியால் இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும். லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் அந்த ஆண்டு ஆகஸ்டில் 340 ரூபாவானதோடு கலப்பதில் கிடைத்த லாபமும் சுருங்கிவிட்டது.

கல்முனையிலிருந்து: பழைய நிஸான் சனி. சாவி போட்டால் ‘டிக்’ என்ற சத்தம் மட்டும். புதுப் பற்றறி போட்டும் அதேதான்.

கடற்காற்றுப் படும் ஊரில் இதற்கு முதல் சந்தேகம் பற்றறியை எஞ்சின் இரும்போடு சேர்க்கும் எர்த் வயர். மீற்றரின் ஒரு முனையை பற்றறியின் நெகட்டிவ் கட்டையிலும் மற்றதை எஞ்சின் இரும்பிலும் பிடித்துக்கொண்டு ஒருவரை சாவி போடச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வயரோ அதைப் பூட்டியிருக்கும் இடமோ துருப்பிடித்திருக்கிறது. உரசி இறுக்கினால் போதும். அதேபோல பொசிட்டிவ் பக்கமும் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் மட்டும் ஸ்டார்ட்டரைக் கழற்றுங்கள்.

கல்லடியிலிருந்து: மாமா, தாத்தாவின் மொரிஸ் மைனரை நானே திருத்திக்கொண்டிருக்கிறேன். காலையில் நன்றாக ஓடுகிறது, சூடானதும் நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் விட்டால் மறுபடியும் ஸ்டார்ட் ஆகிறது. இதில் ஒரு ரேடியோவும் பூட்ட ஆசை.

மகள், இந்தக் கேள்வி எனக்கு மிகவும் சந்தோஷம். பிழையை நின்ற அந்த இடத்திலேயே பிடிக்க வேண்டும், ஆறிய பிறகு எல்லாம் நன்றாகத்தான் தெரியும். வண்டியில் ஒரு மேலதிக பிளக் வைத்திருங்கள். நின்றதும் பிளக் வயரை அதில் மாட்டி, காபரேட்டரிலிருந்து தூர விலகி, எஞ்சின் இரும்பில் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். பொறி இல்லை அல்லது மஞ்சளாக மெலிந்திருந்தால் பொயின்றோடு இருக்கும் சின்னக் கண்டென்சர், அடுத்தது பொறிக்கான மின்சாரத்தைக் கூட்டும் கொயில். சூட்டில் மட்டும் படுத்துவிடுவது இரண்டுக்கும் வழக்கம். கண்டென்சர் மலிவு, அதை முதலில் மாற்றிப் பாருங்கள். கொயிலுக்குப் போகும் மின்சாரத்தை வெட்டி வெட்டி விடும் பொயின்றின் இடைவெளி 0.015 அங்குலம், அதாவது 0.38 மில்லிமீற்றர்.

பொறி நீலமாக இருந்தால் பெற்றோலைப் பாருங்கள். சாவியைத் திருப்பியதும் எஸ்யூ என்ற மின்சாரப் பெற்றோல் பம்ப் டிக் டிக் என்று அடித்து அடங்க வேண்டும். அடிக்கவே இல்லையென்றால் பம்பின் உள்ளே இருக்கும் பொயின்ற் கருகியிருக்கும். அடங்காமல் அடித்தால் உறிஞ்சும் பக்கம் காற்று. பெற்றோல் குழாய் சைலன்சர் மனிபோல்டுக்கு நெருக்கமாகப் போனால் தள்ளிக் கட்டுங்கள், எங்கள் வெயிலில் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும்.

ரேடியோ பூட்டும் முன் பற்றறியின் எந்தக் கட்டை காரின் இரும்பு உடலோடு சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். இந்தக் கார்கள் பொசிட்டிவ் எர்த், அதாவது பொசிட்டிவ் கட்டைதான் உடலோடு சேர்ந்திருக்கும். இன்றைய ரேடியோக்களின் இரும்புக்கூடே நெகட்டிவ், அப்படியே பூட்டினால் சோர்ட் ஆகிவிடும். இடையிலே யாராவது நெகட்டிவாக மாற்றியும் இருக்கலாம், அதனால் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

இன்னொன்று. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நின்றுவிட்டது. இந்தப் பழைய ஹெட்டில் வால்வு மூடும்போது உட்காரும் சீற்றுக்கு அந்த ஈயம்தான் காவலாக இருந்தது. இப்போது சீற் மெல்ல மெல்லத் தேயும், வால்வு மேலேறி இடைவெளி குறையும். 0.012 அங்குலம் இருக்கிறதா என்று அவ்வப்போது அளந்து, அளந்ததை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள். ஒரே வால்வு திரும்பத் திரும்ப இறுகினால் ஹெட்டைக் கழற்றிக் கடினமான சீற் போட வேண்டிய காலம் வந்துவிட்டது. அதுவரை ஓட்டுங்கள், ஒன்றும் ஆகாது.