பாய்மரப் படகில் வாரக்கணக்கில் கடலில் போவது சலிப்பாக இருக்காதா? ஒரு நாள் எப்படித்தான் போகும்?

சலிப்பா? அதற்கு நேரம் கிடைக்க வேண்டுமே! புயல் வந்ததா, சுறா வந்ததா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நாளைத் தின்பது என்னவோ உப்பும் ஈரமும் உருண்டோடும் பாத்திரங்களும்தான். அட்லாண்டிக்கைக் கடந்தபோது நடுவில் வந்த ஒரு சாதாரண நாளைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கேனரித் தீவுகளிலிருந்து கரீபியன் தீவுகளுக்குச் சுமார் 2,700 கடல் மைல். 1492இல் கொலம்பஸ் நம்பிப் போன அதே வியாபாரக் காற்று வடகிழக்கிலிருந்து தள்ளிக்கொண்டே வரும் என்பதால் வழி சுலபம்தான். ஆனால் காற்று பின்னாலிருந்து அடித்தால் படகு ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்காது, இடமும் வலமுமாக உருண்டுகொண்டே இருக்கும், ராத்திரி பகல் கிடையாது. தூங்குகிறவரும் சேர்ந்து உருள வேண்டியதுதான்.

அன்று எனக்கு அதிகாலை மூன்று முதல் ஆறு வரை காவல். நிலா இல்லை. சுக்கானுக்குப் பின்னால் தண்ணீர் நீலப்பச்சையாக ஒளிர்ந்துகொண்டே வந்தது. கலக்கினால் ஒளிவிடும் நுண்ணுயிர்கள் கடலில் உண்டு, அவற்றின் வேலை. அதில் மெய்மறந்து உட்கார்ந்திருந்தபோது ஏதோ ஒன்று ஈரமாகத் தோளில் அறைந்தது. பறக்கும் மீன்! தண்ணீரைவிட்டு எழும்பி 45 விநாடி வரை காற்றில் மிதந்ததாகப் படமே எடுத்திருக்கிறார்கள், அவ்வளவு கெட்டிக்கார மீனுக்கு இவ்வளவு பெரிய படகு கண்ணில் படவில்லை. பிடித்துத் திரும்பக் கடலில் விட்டேன், செதில் மட்டும் சட்டையில் ஒட்டிக்கொண்டது, அந்த வாடை அடுத்த மழை வரைக்கும் போகவில்லை.

காலையில் சமையல். படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அடுப்பு மட்டம் மாறாமல் இருக்க, அதை இரண்டு பக்கமும் தொங்கவிட்டிருப்பார்கள். அடுப்பு நேராக நிற்கும், சமைக்கிறவர்தான் நிற்க மாட்டார். அதனால் இடுப்பில் ஒரு பட்டையை மாட்டி மேடையோடு கட்டிக்கொள்வோம். எதைச் சமைத்தாலும் குக்கரில்தான், விசிலுக்காக இல்லை, அதன் மூடி பூட்டிக்கொள்ளும், கவிழ்ந்தாலும் கொட்டாது என்பதற்காக. அன்றைக்கு குக்கர் பத்திரமாக இருந்தது, அலமாரிக் கதவுதான் திறந்துகொண்டது. சர்க்கரை டப்பா தரையில், மூடி ஒரு மூலையில், சர்க்கரை எல்லா மூலையிலும். ஈரத் தரையில் அது பாகாகி அன்று முழுவதும் எல்லோர் காலும் ஒட்டிக்கொண்டே இருந்தது.

மதியத்துக்கு மேல் பின்னால் ஒரு கறுப்பு மேகம். இந்தப் பகுதியில் இப்படி ஒன்று வந்தால் காற்று திடீரென்று ஏறும், கூடவே மழையும் கொட்டும். பாயைச் சுருக்கிக் கட்டிவிட்டுக் காத்திருந்தோம். குடிதண்ணீரை அளந்து செலவழிக்கிறபோது மழைதான் குளியலறை. நண்பர் ஒருவர் முதல் துளி விழுந்ததும் தலை முதல் கால் வரை சோப்பு போட்டுக்கொண்டார். மேகம் எங்களைத் தாண்டிப் போய்விட்டது. அப்படியே வெள்ளையாக நின்றார் மனிதர்! கடல் நீரை வாளியில் மொண்டு ஊற்றினோம், ஆனால் அதில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பிசுபிசுவென்று படியுமே தவிர அலசிப் போகாது. பாத்திரம் கழுவும் திரவம்தான் கடல் நீரில் நுரைக்கும். கடைசியில் அதைத் தேய்த்துத்தான் அவரை மீட்டோம். அப்புறம் அவர் துண்டு காயவில்லை. உப்பு ஏறிய துணி எவ்வளவு வெயிலில் போட்டாலும் மாலை ஆனதும் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து மறுபடி நசநசத்துவிடும்.

தூண்டிலில் நாள் முழுக்க மாட்டியது மஞ்சள் கடற்பாசி மட்டும். அதை எத்தனை தடவை பிய்த்துப்போட்டோம் என்று கணக்கில்லை. கழிவறைக் குழாய் அடைத்துக்கொண்டதைப் பற்றி விரிவாகச் சொல்லப் போவதில்லை, சரியானபோது நாலு பேரும் கைதட்டினோம் என்பது போதும்.

சாயங்காலம் கேப்டன் வரைபடத்தில் அன்றைய புள்ளியை வைத்தார். 24 மணி நேரத்தில் 132 கடல் மைல், கிட்டத்தட்ட 244 கிலோமீட்டர். சராசரி வேகம் ஐந்தரை நாட், அதாவது மணிக்கு ஐந்தரை கடல் மைல், சைக்கிளில் நிதானமாகப் போகிறவர்கூட எங்களைத் தாண்டிவிடுவார். ஆனால் அந்தப் புள்ளியைப் பார்க்க நாலு தலையும் முட்டிக்கொள்ளும். முந்தின நாளைவிட ஆறு மைல் கூடுதல் என்றதும் ஒளித்து வைத்திருந்த சாக்லேட் வெளியே வந்தது. பாதி உருகி, தாளோடு ஒட்டியிருந்தது. தாளையும் நக்கினோம்.