பிடித்த பத்துப் படங்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர்த் திரைப்படக் கழகத்தில், உறுப்பினர் ஒவ்வொருவரும் தமக்கு மிகவும் பிடித்த பத்துப் படங்களை எழுதி வந்து அடுத்த மாதக் கூட்டத்தில் பேச வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். நான் ஒரே இரவில் பட்டியலைப் போட்டு முடித்தேன். மறுநாள் காலையில் படித்தபோது அது வேறு யாரோ எழுதியதைப் போல இருந்தது. பத்தில் ஏழு வெளிநாட்டுப் படங்கள். அவற்றில் நான்கை ஒரு தடவைக்கு மேல் பார்த்ததில்லை. அப்பாவோடு இருபது முறையாவது பார்த்த ‘தில்லானா மோகனாம்பாள்’ அதில் இல்லை. அப்பா இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அதைச் சேர்த்தால், படத்தின் மேல் உள்ள பிரியத்தால் சேர்க்கிறேனா, அப்பாவின் மேல் உள்ள பாசத்தால் சேர்க்கிறேனா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. விட்டுவிட்டால் பொய் சொன்னது போல இருக்கிறது. நீங்கள் எப்படித் தேர்ந்தெடுப்பீர்கள்?

கே., கும்பகோணம்

அன்புள்ள கே.,

உங்கள் கழகம் கேட்டிருப்பது பிடித்த படங்களை. நீங்கள் எழுதியிருப்பது, சிறந்தவை என்று பலரும் ஒப்புக்கொண்ட படங்களை. சிறந்தது எது என்பதைப் பலரும் கூடி வாதிட்டு முடிவு செய்யலாம்; பிடித்தது எது என்பதற்கு நீங்கள் ஒருவர்தான் சாட்சி. அந்தச் சாட்சியைச் சொல்லத் தயங்கித்தான் ஏழு படங்களின் பின்னால் நின்றுகொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

பலர் கூடி முடிவு செய்வதும் நிலையானதல்ல. பிரிட்டனின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் பத்துப் படங்களைக் கேட்டு வாக்கெடுப்பு நடத்துகிறது. முதல் முறை ‘சைக்கிள் திருடர்கள்’ முதலிடம் பெற்றது. ‘சிட்டிசன் கேன்’ முதல் பத்திலேயே இல்லை. அதே படம் 1962 தொடங்கி 2002 வரை ஐந்து முறை முதலிடத்தில் இருந்தது. 2012இல் ‘வெர்டிகோ’ அதை இறக்கியது. 1958இல் வெளிவந்த அந்தப் படம் முதல் பத்துக்குள் நுழைந்ததே 1982இல்தான். 2022இல் 1600க்கும் மேற்பட்டோர் வாக்களித்தபோது சாந்தல் அக்கர்மன் 1975இல் எடுத்த ‘ழான் டீல்மன்’ முதலிடத்துக்கு வந்தது. இந்த எழுபது ஆண்டுகளில் அந்தப் படங்களின் ஒரு சட்டகம்கூட மாறவில்லை, மாறியவர்கள் பார்த்தவர்கள்.

‘சிட்டிசன் கேன்’ படத்தை மூன்று முறை பார்த்திருக்கிறேன். வீட்டுக்குள் தாய் பத்திரத்தில் கையெழுத்திட்டுப் பிள்ளையை வேறொருவர் பொறுப்பில் விடும்போது, ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் அந்தப் பிள்ளை பனியில் விளையாடிக்கொண்டிருக்கும் காட்சியில் கற்றுக்கொள்ள எவ்வளவோ இருக்கிறது. ஆனாலும் அந்தப் படம் என் பத்தில் இல்லை. நான் அதை மதிக்கிறேன். அது என்னோடு வீட்டுக்கு வருவதில்லை.

‘பதேர் பாஞ்சாலி’ வருகிறது. தூர்தர்ஷனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அதை முதலில் பார்த்தபோது துர்காவின் சாவுக்கு அழுதேன். அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. அடுத்தடுத்து பார்த்தபோதுதான் மணிமாலைக் காட்சி எனக்குள் இறங்கியது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் மணிமாலையைத் திருடியதாக துர்காவை முன்பே வைதிருக்கிறார்கள். அவளும் இல்லை என்று சாதித்திருக்கிறாள். அவள் இறந்த பிறகு, குடும்பம் காசிக்குப் புறப்படும் தறுவாயில், பரண் மேல் கிடந்த ஒரு கொட்டாங்கச்சியில் அந்த மாலை தம்பி அப்புவின் கண்ணில் படுகிறது. அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஓடிப்போய்க் குளத்தில் எறிகிறான். மாலை விழுந்த இடத்தில் பாசி விலகி, கறுப்பாகத் தண்ணீர் தெரிந்து, பிறகு மெல்ல மெல்லப் பாசி கூடி வருகிறது. அக்காவின் ரகசியத்தை அந்தச் சிறுவன் எப்படிக் காப்பாற்றினான் என்பதை சத்யஜித் ராய் ஒரு வசனமும் இல்லாமல் சொல்லிவிடுகிறார். என் அண்ணனின் மறைவுக்குப் பிறகு அவருடைய மேசை இழுப்பறையைக் காலி செய்தவன் நான். அந்தக் குளத்தை நான் இப்போது பார்ப்பது போல முன்பு பார்த்திருக்க முடியாது.

வயது ஒரு படத்தைப் பட்டியலுக்குள் கொண்டுவரும் என்பதற்கு பாலு மகேந்திராவின் ‘வீடு’ எனக்கு நல்ல உதாரணம். 1988இல் வெளிவந்தபோது பார்த்துவிட்டு, நல்ல படம் என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். பல ஆண்டுகள் கழித்து வங்கிக் கடன் வாங்கி ஒரு சிறிய வீட்டைக் கட்டத் தொடங்கி, எத்தனை மூட்டை சிமெண்ட் வந்தது, எத்தனை மூட்டை கலவையில் சேர்ந்தது என்று எண்ணிக்கொண்டு வெயிலில் நின்ற காலத்தில், படத்தில் வீடு கட்டும் அர்ச்சனாவைப் போல, கட்டட ஒப்பந்தக்காரரிடம் நானும் ஏமாந்தேன். அதன் பிறகு பார்த்தபோது அர்ச்சனாவின் முகத்தில் இருந்த களைப்பு எனக்குத் தெரிந்த களைப்பாக இருந்தது. தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர், கட்டி முடியாத அந்த வீட்டைப் பார்க்கத் தனியாக வந்து, சுவரைத் தொட்டுத் தடவிப் பார்க்கிறார். அந்தக் கை பூசாத சுவரில் படும்போது எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது.

மறுபடி மறுபடி பார்க்கத் தோன்றுவதுதான் பிடித்ததற்கு அடையாளம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ படத்தை இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். ஊரே கூடி, கதையின் கொடுமைக்கார மனிதரை ஆற்றில் இறங்க வைத்த பிறகு, கரையில் நிற்கும் அவருடைய பிள்ளைகளை மூன்றாம் முறை பார்க்கும் தைரியம் இன்னும் வரவில்லை. அதனால்தான் அது என் பட்டியலில் முதலில் எழுதும் பெயர்களில் ஒன்றாக இருக்கிறது. ஆகவே ஒரு தடவை மட்டும் பார்த்த அந்த நான்கு படங்களையும் அந்தக் காரணத்துக்காகவே நீக்க வேண்டாம். அவற்றில் ஏதாவது ஒரு காட்சி, நீங்கள் கூப்பிடாமலே சமைக்கும்போதோ பேருந்தில் போகும்போதோ வந்து நிற்கிறதா என்று பாருங்கள். வராதவற்றை நீக்கிவிடலாம்.

இனி ‘தில்லானா மோகனாம்பாள்’. அப்பாவையும் படத்தையும் பிரிக்க முடியவில்லை என்கிறீர்கள். ஏன் பிரிக்க வேண்டும் என்று சொல்லி என்னால் தப்பித்துக்கொள்ள முடியும். ஆனால் உங்கள் கேள்வி நேர்மையானது, அதற்கு ஒரு வழியும் இருக்கிறது. ஒரு நாள் தனியாக உட்கார்ந்து அந்தப் படத்தைப் பாருங்கள். பிறகு ஒரே ஒரு காட்சியைப் பற்றி, அப்பா என்ற சொல் வராமல், ஒரு பக்கம் எழுதுங்கள்.

நானாக இருந்தால் ‘நலந்தானா’ பாட்டை எடுத்துக்கொள்வேன். வாசிப்பு மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. ஆனால் சிவாஜியின் கன்னமும் கழுத்து நரம்பும் அந்த மூச்சை எப்படி வாங்கிக்கொள்கின்றன என்று பாருங்கள். காயம்பட்ட கலைஞரிடம் ஊர் அறியாமல் நலம் விசாரிக்க வேண்டும். மோகனாவுக்குக் கிடைத்திருப்பது சபையும் பாட்டும் மட்டுமே. பத்மினியின் கண் அதைக் கேட்கிறது. பதிலை நாதஸ்வரம் சொல்கிறது. பக்கத்தில் தவிலோடு இருக்கும் டி.எஸ். பாலையா, அந்த இருவருக்கும் இடையில் நடப்பதெல்லாம் தெரிந்தவராக, தாளத்தையும் விடாமல் கலங்கிப்போகிறார். 1968இல் ஏ.பி. நாகராஜன் எடுத்த இந்தக் காட்சிக்கு யாருடைய சிபாரிசும் தேவையில்லை. நீங்கள் எழுதும் பக்கமும் இப்படி நிரம்பினால், அப்பா உங்களுக்குக் காட்டியது நல்ல படம் என்று பொருள். நிரம்பாவிட்டாலும் அது உங்கள் பத்தில் இருக்கலாம். அப்போது, இது அப்பாவுக்காக என்று கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

ஒன்று முதல் பத்து வரை எண் போட்டு வரிசைப்படுத்த வேண்டாம். முடிந்தால், உங்கள் முறை வரும்போது அந்த ஒரு பாட்டை மட்டும் திரையிடச் சொல்லிக் கேளுங்கள். அதன் பிறகு பேசுங்கள்.