கூலியும் கிருபையும்: 1 கொரிந்தியர் 3, உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

1 கொரிந்தியர் வகுப்பில் மூன்றாம் அதிகாரத்தை முடித்ததிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. பெரும்பாலானவை 15ஆம் வசனத்தைப் பற்றி. அஸ்திபாரத்தின்மேல் ஒருவன் பொன்னால் கட்டினானா, வைக்கோலால் கட்டினானா என்று நியாயத்தீர்ப்பு நாளில் அக்கினி சோதிக்கும் என்று பவுல் எழுதுகிற பகுதி அது. சில வேறு எங்கோ போகின்றன. தெரிந்தவற்றுக்குப் பதில் எழுதுகிறேன். முதலில் ஒரே ஒரு வேண்டுகோள்: எந்த வசனத்தைப் பற்றிக் கேட்டாலும், அதற்கு முன் பத்து வசனம், பின் பத்து வசனம் வாசித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: ஐயா, நான் ரட்சிக்கப்பட்டு 22 வருடம் ஆகிறது. ஊழியம் என்று ஒன்றும் செய்ததில்லை. மளிகைக்கடை, வீடு, ஞாயிறு ஆராதனை, அவ்வளவுதான். "ஒருவன் கட்டினது வெந்துபோனால், அவன் நஷ்டமடைவான்" என்ற வசனத்தை வாசித்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. என் வாழ்க்கை முழுவதும் வைக்கோலா?

பதில்: தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை வாசித்தேன். அந்த வசனம் முதலில் யாருக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள். கொரிந்து சபையில் "நான் பவுலைச் சேர்ந்தவன்", "நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன்" என்று கட்சி பிரிந்து நின்றார்கள். அதற்குத்தான் பவுல் நடுகிறவன், நீர்ப்பாய்ச்சுகிறவன், அஸ்திபாரம் போடுகிறவன், அதன்மேல் கட்டுகிறவன் என்று வரிசையாகப் பேசுகிறார். கட்டுகிறவர்கள் என்று அவர் முதலில் சொல்வது சபையில் போதிக்கிறவர்களை, அதாவது என்னைப் போன்றவர்களை. தூக்கம் கெட வேண்டுமென்றால் முதலில் எனக்குத்தான் கெட வேண்டும். உண்மையாகவே சில இரவு கெட்டிருக்கிறது.

அடுத்து 13ஆம் வசனம். அக்கினி எதைச் சோதிக்கிறது? வேலைப்பாடு "எத்தன்மையுள்ளதென்று" சோதிக்கிறது. எவ்வளவு என்று அங்கே இல்லை. கிரேக்கத்திலும் அது தன்மையைக் கேட்கும் சொல்தான். ஒரு குண்டுமணி தங்கம் நெருப்பில் நிற்கும். ஒரு படப்பு வைக்கோல் நிற்காது. உங்கள் கடைத் தராசில் எடை சரியாக இருக்கிறதா? கடன் கேட்டு வருகிற ஏழையிடம் முகம் கொடுத்துப் பேசுகிறீர்களா? இதையெல்லாம் கர்த்தருக்கென்று செய்திருந்தால் அது வைக்கோல் இல்லை.

அப்புறம் அதே 15ஆம் வசனத்தின் மறுபாதியை ஏன் விட்டுவிட்டீர்கள்? "அவனோ இரட்சிக்கப்படுவான்." எரிவது வேலை. ஆள் அல்ல.

கேள்வி: எத்தனை ஆத்துமாக்களை ஆதாயம் செய்கிறோமோ அத்தனை நட்சத்திரம் நம் கிரீடத்தில் இருக்குமாமே?

பதில்: அப்படி ஒரு வசனம் இல்லை. தானியேல் 12:3 அநேகரை நீதிக்குட்படுத்துகிறவர்களே நட்சத்திரங்களைப்போல் பிரகாசிப்பார்கள் என்கிறது. அங்கே கிரீடமும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை.

கேள்வி: பலனை எதிர்பார்த்து நல்லது செய்வது சுயநலம் இல்லையா அண்ணா? அன்பு கூலி கேட்குமா?

பதில்: நல்ல கேள்வி. ஆனால் கூலி என்ற சொல்லை நாம் கொண்டுவரவில்லை. நம் வேதாகமமே கூசாமல் சொல்கிறது: "அவனவன் தன்தன் வேலைக்குத்தக்கதாய்க் கூலியைப் பெறுவான்." மூலச்சொல் மிஸ்தோஸ். வயலில் அறுத்தவன் சாயங்காலம் கை நீட்டி வாங்குகிற அதே கூலி. ஆனால் அதே பவுல் ரோமர் 4:4இல், கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபை அல்ல, கடன் என்கிறார். ரோமர் 6:23இல் பாவத்துக்குச் சம்பளம் என்று எழுதியவர், நித்தியஜீவனுக்குச் சம்பளம் என்று எழுதவில்லை, கிருபைவரம் என்றே எழுதுகிறார். ரட்சிப்பு வேறு, கூலி வேறு. முதலாவது இலவசம். இரண்டாவது, இலவசமாகப் பெற்றவன் நன்றியால் செய்த வேலையைத் தேவன் மறக்காமல் வைத்திருப்பது. அந்த வேலையைச் செய்யப் பலம் கொடுத்தவரும் அவர்தான். நம் நன்மைகளுக்கு முடிசூட்டும்போது தேவன் தம்முடைய ஈவுகளுக்கே முடிசூட்டுகிறார் என்று சபைப்பிதா அகஸ்டின் 5ஆம் நூற்றாண்டில் எழுதியது இதைத்தான்.

சின்னப் பிள்ளை அப்பாவின் பணத்தில் அப்பாவுக்கே பிறந்தநாள் பரிசு வாங்கிவந்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும். அதைச் சுயநலம் என்று யாராவது சொல்வார்களா?

கேள்வி: கோவிலுக்கு ஃபேன் வாங்கிக் கொடுத்தோம். அதில் பெயர் எழுதினால் பலன் போய்விடுமா?

பதில்: மத்தேயு 6இல், மனுஷர் காணவேண்டுமென்று செய்கிறவர்களைக் குறித்து, "தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது" என்று மூன்று முறை வருகிறது. "அடைந்து தீர்ந்தது" என்பதற்கான கிரேக்கச் சொல் அபெகோ. எகிப்தில் கிடைத்த பழைய பாப்பிரஸ் ரசீதுகளில், பானை ஓடுகளில் எழுதிய ரசீதுகளிலும்கூட, இதே சொல் இருக்கிறது. "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்று பொருள். அதற்குமேல் பாக்கி கேட்க முடியாது, கணக்கு பைசல்.

எங்கள் ஊர்க் கோவிலில் மூன்றாவது பெஞ்சின் முதுகில் என் தாத்தா பெயர் வெள்ளை பெயின்ட்டில் இருந்தது. சிறுவயதில் அந்தப் பெஞ்சில்தான் உட்காருவேன் என்று அடம்பிடிப்பேன். அதே கோவிலில் பாட்டி தினமும் உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைத்து, மாதக் கடைசியில் கொண்டுபோய்க் கொட்டினாள். அந்தக் கலயத்தில் பெயர் இல்லை. பெயர் எழுதுவது பாவம் என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். எழுதாமலும் கொடுத்திருப்பீர்களா என்று மட்டும் உங்களையே கேட்டுப்பாருங்கள்.

கேள்வி: மத்தேயு 20 உவமையில், திராட்சத்தோட்ட வேலைக்குக் கடைசி மணிநேரம் வந்தவனுக்கும் ஒரு பணம், காலையிலிருந்து உழைத்தவனுக்கும் ஒரு பணம். அப்படியானால் பரலோகத்தில் எல்லாருக்கும் ஒரே பலன்தானே? கூடுதல் குறைவு என்று நீங்கள் வகுப்பில் சொன்னது சபையில் போட்டியைத்தான் வளர்க்கும். கிருபைக்கு அளவுகோல் வைக்கிறீர்கள்.

பதில்: சரி, இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். இது புதிய வாதமல்ல. 4ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜோவினியன் என்ற துறவி ரோமாபுரியில் இதையே சொன்னார்: ஞானஸ்நானத்தைக் காத்துக்கொண்ட எல்லாருக்கும் ஒரே பலன். 393இல், வேதாகமத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் அவருக்கு எதிராகக் கடுமையாக எழுதினார். ஜெரோமின் நடையில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் கேள்வி உண்மையானது.

முன் பத்து வசனம் வாசியுங்கள் என்று சொன்னேனே, இங்கே அது உதவும். மத்தேயு 19:27இல் பேதுரு கேட்கிறான்: "எங்களுக்கு என்ன கிடைக்கும்?" இயேசு அவனைக் கடிந்துகொள்ளவில்லை. பன்னிரண்டு சிங்காசனம், நூறத்தனை என்று வாக்குக் கொடுக்கிறார். உடனே இந்த உவமையையும் சொல்கிறார். ஏன்? பேதுருவின் கேள்விக்குள் ஒரு முறுமுறுப்பு முளைவிடுவதை அவர் பார்த்துவிட்டார். உவமையில் எஜமான் கண்டிப்பது, அடுத்தவன் கையிலிருக்கும் பணத்தைப் பார்த்து வயிறெரிவதை. எல்லாருக்கும் எப்போதும் ஒரே அளவு என்று சட்டம் போடுவது அந்த உவமையின் நோக்கம் அல்ல.

இன்னொரு சகோதரர் இடையில்: அப்படியே சொல்லுங்கள் ஐயா. லூக்கா 19 உவமையில், கொடுத்த பணத்தைப் பெருக்கிய ஊழியக்காரரில் ஒருவனுக்குப் பத்துப் பட்டணம், இன்னொருவனுக்கு ஐந்து. வித்தியாசம் உண்டு என்பது தெளிவு. சோம்பேறி விசுவாசிகளுக்குத்தான் 'எல்லாம் சமம்' என்ற போதகம் இனிக்கும்.

பதில்: சகோதரரே, வசனம் சரி. "சோம்பேறி" என்ற சொல் தேவையில்லை. கேட்டவர் போட்டியைக் குறித்துக் கவலைப்படுகிறார், அந்தக் கவலை நியாயமானது.

லூக்கா 19ஐயும் மத்தேயு 25ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். லூக்காவில் பத்துப் பேருக்கும் ஆளுக்கு ஒரு ராத்தல் பணம், சமம். சம்பாதித்தது வேறு, பெற்ற பட்டணங்களும் வேறு. மத்தேயுவில் கொடுத்த பணமே வேறு: ஒருவனுக்கு ஐந்து தாலந்து, இன்னொருவனுக்கு இரண்டு தாலந்து. இருவரும் இரட்டிப்பாக்கினார்கள். இருவருக்கும் கிடைத்த பாராட்டு ஒரே வாக்கியம்: "உத்தமமும் உண்மையுமுள்ள ஊழியக்காரனே." ஆக, கையில் கிடைத்ததைக் கொண்டு எவ்வளவு உண்மையாயிருந்தோம் என்பதே கணக்கு. இரண்டு தாலந்துக்காரனிடம் ஐந்து தாலந்துக்காரனின் வரவை யாரும் கேட்கவில்லை.

மத்தேயு 20ஐப் பற்றிக் கேட்ட சகோதரர்: சரி, ஆனால் ஒருவனுக்குக் குறைவாகக் கிடைத்தால் பரலோகத்திலும் அவனுக்கு வருத்தம் இருக்குமே? கண்ணீர் இல்லாத இடம் என்கிறோம்.

பதில்: அமெரிக்கப் பிரசங்கியார் ஜோனத்தன் எட்வர்ட்ஸ் 18ஆம் நூற்றாண்டில் இதற்குப் பாத்திரங்களை உதாரணம் காட்டினார். கடலில் பல அளவுப் பாத்திரங்களைப் போட்டால் எல்லாம் நிறைந்துதான் இருக்கும். சிறியதும் குறையாது. நம் வீட்டுப் பாஷையில் சொன்னால், மழைக்குத் தம்ளரையும் அண்டாவையும் முற்றத்தில் வைத்தால் இரண்டும் வழியும். அங்கே பொறாமை இருக்காது என்றால், அண்ணன் பாத்திரம் பெரிது என்பதே தம்பிக்குச் சந்தோஷமாக இருக்கும். இங்கே நமக்கு அது கற்பனைக்கு எட்டாததற்குக் காரணம், இங்கே நாம் இன்னும் குணமாகவில்லை.

உங்கள் எச்சரிக்கையில் ஒரு உண்மை இருக்கிறது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். பலனைப் பற்றிப் பிரசங்கம் பண்ணி ஜனங்களை ஓட ஓட வேலை வாங்குகிற சபைகள் உண்டு. அடுத்த வகுப்பில் லூக்கா 17:10ஐயும் சேர்த்தே எடுப்பேன்: "நாங்கள் அப்பிரயோஜனமான ஊழியக்காரர்." இரண்டையும் ஒன்றாகப் பிடிக்க வேண்டும்.

கேள்வி: ஐயா, கிரீடத்தில் நட்சத்திரம் எத்தனை என்று...

பதில்: மேலே சொல்லிவிட்டேன். தானியேல் 12:3.

கேள்வி: நான் கத்தோலிக்கன். 1 கொரி 3:15 உத்தரிக்கிற ஸ்தலத்துக்கு (மரித்தபின் ஆத்துமா சுத்திகரிக்கப்படும் இடத்துக்கு) ஆதாரம் என்று படித்திருக்கிறேன். நீங்கள் ஏன் அதைச் சொல்லவில்லை?

பதில்: மேற்கத்திய சபை அப்படி வாசித்தது உண்மை. 1438இல், மேற்கு, கிழக்கு சபைகள் கூடிய பெராரா சங்கத்தில் கிரேக்க சபையார் இந்த வசனத்தை அப்படி வாசிக்கக்கூடாது என்று வாதாடினார்கள். நான் வாசிக்கிற விதத்தில் அந்த நெருப்பு "அந்த நாளில்" வேலையைச் சோதிக்கிறது, ஆளைச் சுத்திகரிப்பதில்லை. கத்தோலிக்க விளக்கத்தை நியாயமாகச் சொல்ல உங்கள் பங்குத்தந்தைதான் சரியான ஆள், அவரிடம் கேளுங்கள்.

கேள்வி: 'பேமா' என்றால் பரிசு கொடுக்கும் மேடையாமே? அங்கே கேள்வியே கிடையாது, பரிசு மட்டும்தான் என்று ஒரு போதகர் சொன்னார்.

பதில்: கொரிந்தின் பேமா இன்றும் அந்த இடிபாடுகளில் நிற்கிறது, கல்மேடை. தேசாதிபதி உட்கார்ந்து வழக்கு விசாரித்த இடம். அப்போஸ்தலர் 18இல் தேசாதிபதி கல்லியோன் முன் பவுலை நிறுத்தியது நியாயாசனத்துக்கு முன்பாகத்தான்; கிரேக்கத்தில் அந்தச் சொல்தான் பேமா. பிலாத்து உட்கார்ந்ததும் அதே பெயருள்ள ஆசனம்தான். கிறிஸ்துவின் நியாயாசனத்தைப் பற்றிப் பேசுகிற 2 கொரி 5:10இல் "நன்மைக்காவது தீமைக்காவது" என்று இருக்கிறது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. நியாயாசனத்தில் இருப்பவர் நமக்காக மரித்தவர். ஆனால் கணக்கே இல்லை என்று சொல்வது வசனத்தில் பாதியை வெட்டுவது. முன் பத்து, பின் பத்து!

கேள்வி: மாமியார் நான்கு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார்கள். ஞாயிறுகூடக் கோவிலுக்குப் போக முடியவில்லை. ஜெபிக்க உட்கார்ந்தால் கூப்பிடுவார்கள். என் ஆவிக்குரிய வளர்ச்சி நின்றுபோய்விட்டது போல இருக்கிறது.

பதில்: நின்றுபோகவில்லை அம்மா. சங்கீதம் 92:12ஐ நம் தமிழ் வேதாகமம் "நீதிமான் பனையைப்போல் செழித்து" என்று சொல்கிறது. எபிரெயத்தில் அது பேரீச்சை. ஆனால் நம் ஊர் மொழிபெயர்ப்பு நமக்கு நல்லதே செய்தது. பனை பல வருடம் தரையோடு தரையாகக் கிடக்கும், ஓலை மட்டும் தெரியும், மரம் வளர்ந்ததாகவே தோன்றாது. அந்த வருடங்களில் அது வேர் விடுகிறது.

2 பேதுரு 1இல் வளர்ச்சியின் வரிசையை எடுத்துப் பாருங்கள்: விசுவாசம், தைரியம், ஞானம், இச்சையடக்கம், பொறுமை, தேவபக்தி, சகோதர சிநேகம், அன்பு. இதில் எதற்குக் கோவில் கட்டடம் வேண்டும்? நடு இரவில் நனைந்த துணியை மாற்றி, முதுகைத் துடைத்து, அவர்கள் எரிச்சலோடு பேசியதைக் கேட்டுக்கொண்டு திரும்பப் படுக்கிறீர்களே, பொறுமை அங்கேதான் வளர்கிறது. ஒரு கலசம் தண்ணீர் கொடுத்தவனும் பலனை இழந்துபோகான் என்றார் இயேசு. நீங்கள் நான்கு வருடமாகக் கலசம் கலசமாகக் கொடுக்கிறீர்கள்.

டோனாவூரில் மிஷனெரியாக இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மாள் 1931இல் கீழே விழுந்தபின் 1951இல் மரிக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்தான் இருந்தார்கள். கல்லறையில் பெயர்க்கல் வேண்டாம் என்றார்கள். அங்கே பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கும் ஒரு கல்தொட்டிதான் இருக்கிறது. அவர்களுக்கு அந்த இருபது வருடமும் யாரோ தலையணை சரிசெய்திருப்பார்களே, அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. உங்களை நினைக்கும்போது அவர்களைத்தான் நினைக்கிறேன்.

ஒரு காரியம் செய்யுங்கள்: சபையில் ஒரு சகோதரியிடம் கேட்டு, மாதம் ஒரு ஞாயிறு மட்டும் மாமியாருடன் இருக்கச் சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். அந்தச் சகோதரிக்கும் அது பலன்தான்.

கேள்வி: ஆயிரம் ரூபாய் விதைத்தால் பரலோகத்தில் நூறு மடங்கு என்று ஒரு ஊழியர்...

பதில்: கொடுக்காதீர்கள். அந்த ஆயிரத்தை மேலே எழுதிய சகோதரியைப் போன்ற ஒரு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

கேள்வி: ஒருவர் பரலோகம் போய்வந்து அங்கே அவரவர் வீட்டின் அளவைப் பார்த்ததாக வீடியோவில் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: யோவான் 14ஐ வாசியுங்கள். வாசஸ்தலம் உண்டு என்று சொன்னவர் அளவு சொல்லவில்லை.

கேள்வி: நட்சத்திரம் இல்லை என்கிறீர்கள். சரி. ஆனால் வெளிப்படுத்தல் 4இல் பரலோகத்திலுள்ள மூப்பர்கள் கிரீடத்தைக் கழற்றிச் சிங்காசனத்துக்கு முன் வைத்துவிடுகிறார்கள். திருப்பிக் கொடுக்கத்தான் என்றால் கிரீடம் எதற்கு?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். பவுல் கிரீடம் என்று எழுதும்போது கொரிந்தியர் கண்முன் வந்தது ராஜாவின் பொன்முடி அல்ல. பக்கத்திலேயே இஸ்த்மியாவில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஓட்டப்பந்தயம் நடக்கும். ஜெயித்தவன் தலையில் செலரித் தழையோ பைன் கிளையோ வளைத்துக் கட்டிய வளையம் வைப்பார்கள். அதை வாங்கியவன் ஊருக்குக் கொண்டுபோய் எல்லாரிடமும் காட்டுவான், அதற்குள் அது வாடத் தொடங்கியிருக்கும். அதனால்தான் பவுல் "அழிவுள்ள கிரீடம்" என்கிறார், பேதுரு "வாடாத" என்று சேர்க்கிறார்.

அந்த மூப்பர்களுக்குக் கிடைத்தது வாடாதது. அதைக் காட்டிக்கொள்ள அவர்களுக்கு ஆசையில்லை. கொடுத்தவரைக் கண்டதும் கை தானாக அதைக் கழற்றுகிறது. தலையில் ஒன்றும் இல்லாதவனால் அப்படி வைக்க முடியாது. என் பாட்டி மாதக் கடைசியில் கலயத்தைக் கவிழ்த்து அரிசியைக் கோவில் கூடையில் கொட்டும்போது, விளிம்பில் ஒட்டியிருக்கும் கடைசி மணிகளையும் தட்டிவிடுவாள். அந்தச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.