பேசிய வாடகை 1,800, வாங்கியது 4,500: திருவிழா என்றால் எவ்வளவும் கேட்கலாமா?

கேள்வி: ஆவணிச் சதுர்த்தியை ஒட்டிப் பிள்ளையார்பட்டித் தேரும் தீர்த்தவாரியும் பார்க்கக் கோவையிலிருந்து குடும்பத்துடன் வந்திருந்தோம். காரைக்குடியில் ஒரு விடுதியில் மூன்று வாரம் முன்பே பேசி, நாள் வாடகை 1,800 ரூபாய் என முடிவு செய்து, 1,000 ரூபாய் முன்பணம் அனுப்பினேன். ‘இரண்டு நாள், 1,800 வீதம், அறை உறுதி’ என்று வாட்ஸ்அப்பில் பதிலும் வந்தது. இரவு பத்து மணிக்குப் போய் இறங்கினால், “திருவிழா ரேட் 4,500. வேண்டாமென்றால் முன்பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள். ஊரில் எல்லா லாட்ஜும் பேசி வைத்த ரேட்தான்” என்கிறார் மேலாளர். 74 வயதுத் தாயாரை அந்த நேரத்தில் எங்கே அழைத்துப் போவது? கொடுத்துவிட்டேன். பில் மட்டும் 1,800 வீதம் போட்டார்கள். மீதி 5,400 ரூபாயை வேறொருவர் எண்ணுக்கு ஜிபே செய்யச் சொன்னார்கள். கோயில் அருகே 20 ரூபாய் தண்ணீர் பாட்டில் 30 ரூபாய், கார் நிறுத்த ரசீது இல்லாமல் 100 ரூபாய். எதையாவது திரும்பக் கேட்க முடியுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அந்த 5,400 ரூபாயைத் திரும்பக் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. கேளுங்கள். இந்த ஊரில் தொழில் செய்கிற வழக்கறிஞனாக, நீங்கள் கேட்க வேண்டும் என்றே விரும்புகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். திருவிழா நாளில் வாடகையை ஏற்றுவது தன்னளவில் சட்டவிரோதம் அல்ல. தனியார் விடுதியின் நாள் வாடகைக்குச் சட்டம் உச்சவரம்பு வைக்கவில்லை. சதுர்த்திக்குப் பூவும் தேங்காயும் விலை ஏறுவதுபோல் அறையும் ஏறும். கானாடுகாத்தானில் பழைய நகரத்தார் வீட்டை விடுதியாக்கியவர் சீசனுக்குத் தனிக் கட்டணம் வைத்து, அதை முன்கூட்டியே சொல்லி வாங்கினால் அவர்மீது குறை சொல்ல இடமில்லை. உங்களிடமும் முதல் நாளே 4,500 என்று சொல்லியிருந்தால், பிடித்தால் வந்திருப்பீர்கள், இல்லையென்றால் மதுரையில் தங்கியிருப்பீர்கள். அந்த வாய்ப்பை உங்களிடமிருந்து பறித்ததுதான் இங்கே நடந்த தவறு.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், அதிக விலை குறித்த புகாருக்கு நான்கு அளவுகோல்களை வைத்திருக்கிறது: சட்டம் நிர்ணயித்த விலை, பொட்டலத்தில் அச்சிட்ட விலை, கடையில் வைத்த விலைப்பட்டியல், இரு தரப்பும் பேசி முடித்த விலை. இவற்றில் எதற்கு மேல் வாங்கினாலும் புகார் செய்யலாம். உங்கள் அறை நான்காவதில் வருகிறது. தண்ணீர் பாட்டில் இரண்டாவதில்.

விடுதித் தரப்பு என்ன சொல்லும் என்பதையும் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். “புதிய கட்டணத்தைச் சொன்னோம், அவரே ஒப்புக்கொண்டு கொடுத்தார்” என்பார்கள். ஒப்பந்தத்தை மாற்ற இரு தரப்பின் சம்மதமும் வேண்டும். அந்தச் சம்மதம் நெருக்கடியில் பிடுங்கியதாக இருக்கக் கூடாது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆம் பிரிவு, கட்டாயத்தின் பேரில் பெற்ற பணத்தைப் பெற்றவர் திருப்பித் தர வேண்டும் என்கிறது. அந்தப் பிரிவில் கட்டாயம் என்பதற்கு, அதே சட்டத்தின் 15-ஆம் பிரிவில் உள்ள குறுகிய விளக்கத்தைப் பொருத்தக் கூடாது, பொதுவான பொருளே கொள்ள வேண்டும் என்று 1913-இலேயே பிரிவி கவுன்சில் (ஆங்கிலேயர் ஆட்சியில் இந்திய வழக்குகளுக்கு லண்டனில் இருந்த இறுதி மேல்முறையீட்டு மன்றம்) தீர்ப்பளித்துவிட்டது. ஜப்தியான சொத்தை மீட்பதற்காக ஆட்சேபத்துடன் பணம் கட்டிய ஒருவரின் வழக்கு அது. இரவு பத்து மணி, வயதான தாயார், திருவிழாக் கூட்டம் என்ற உங்கள் சூழ்நிலையை ஒன்று விடாமல் புகாரில் எழுதுங்கள். அப்போதோ ஊர் திரும்பியதுமோ விடுதிக்கு ஆட்சேபம் தெரிவித்து ஒரு வரி அனுப்பியிருந்தால் இன்னும் பலம்.

ஆனால் உங்கள் கையில் இருக்கும் மிகப் பெரிய ஆதாரம் அந்த பில்தான். 4,500 என்பது உண்மையிலேயே அன்றைய கட்டணம் என்றால், பில்லில் அதை எழுதுவதற்கு என்ன தடை? 1,800 வீதம் இரண்டு நாளுக்கு 3,600 என்று விடுதியே எழுதிக் கொடுத்திருக்கிறது. அதே இரவில், அதே கவுன்ட்டரில், 5,400 ரூபாய் ஒரு தனிநபர் கணக்குக்குப் போயிருக்கிறது. வாட்ஸ்அப் பதில், பில், பணம் போன நேரம் ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பேசிய விலை எது, அதற்கு மேல் வாங்கியது எவ்வளவு என்பது யாருக்கும் விளங்கிவிடும். பணம் போன கணக்கு விடுதியைச் சேர்ந்தவருடையதுதான் என்பதை மட்டும் நிரூபிக்க வேண்டும். எண்ணைக் கொடுத்தவர் யார், எந்த இடத்தில் கொடுத்தார் என்பதை மறக்கும் முன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. பில்லில் வராத பணம் வரித்துறைக்குரிய விஷயமும்கூட. அதைச் சொல்லி, “பணம் தராவிட்டால் ஜிஎஸ்டியில் மாட்டிவிடுவேன்” என்று நோட்டீஸில் எழுதிவிடாதீர்கள். நியாயம் கேட்கப் போனவர் மிரட்டியவராக நிற்க நேரும்.

எல்லா லாட்ஜும் பேசி வைத்த ரேட் என்று மேலாளர் சொன்னது என்னைக் கவலைப்பட வைக்கிறது. போட்டி போட வேண்டியவர்கள் கூடி உட்கார்ந்து விலை நிர்ணயிப்பதை 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் தடை செய்கிறது. சங்கமாகச் சேர்ந்து செய்தாலும் அதே தடைதான். ஒருவரின் வாய்ச்சொல்லை மட்டும் வைத்து அதை நிரூபிக்க முடியாது. உங்கள் 5,400 ரூபாய்க்கு அது தேவையும் இல்லை. ஆனால் அந்த வாக்கியத்தை அப்படியே புகாரில் பதிவு செய்யுங்கள்.

தண்ணீர் பாட்டில் விஷயத்தில் கடைக்காரருக்குத் தப்பிக்க வழியே இல்லை. பொட்டலப் பொருள்கள் விதிகள், 2011-இன்படி அச்சிட்ட விலைக்கு மேல் சில்லறை விற்பனை கூடாது. குளிரூட்டும் செலவு, திருவிழாக் கடை வாடகை எதுவும் காரணம் ஆகாது. உட்காரவைத்துப் பரிமாறும் ஓட்டல்களுக்கு மட்டும் இது பொருந்தாது என 2017-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. தெருக்கடை அதில் வராது. தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையருக்கு (அமலாக்கம்) எழுதலாம். கார் நிறுத்தக் கட்டணத்துக்கு ரசீது இல்லை என்பதால் அதை விட்டுவிடுங்கள். அடுத்த முறை ரசீது கொடுத்தால்தான் பணம் என்று சொல்லுங்கள்.

இனி நடைமுறை. விடுதிக்கு 15 நாள் அவகாசம் கொடுத்து, ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். நீங்களே எழுதலாம். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். சிறு தொகைகள் பல நேரம் அங்கேயே தீர்ந்துவிடும். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இதற்காக, விடுதி இருக்கும் மாவட்டத்தின் தலைநகரான சிவகங்கைக்கு அலைய வேண்டியதில்லை. புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே தாக்கல் செய்ய 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருவதால், கோவையிலேயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைப்பதும் கட்டாயமில்லை. கூடுதலாக வாங்கிய 5,400 ரூபாய், அதற்கு வட்டி, மன உளைச்சலுக்கு நியாயமான இழப்பீடு, வழக்குச் செலவு ஆகியவற்றைக் கேளுங்கள். இழப்பீடாக லட்சக்கணக்கில் கேட்டு வழக்கின் நம்பகத்தன்மையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பணம் கொடுத்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் காலக்கெடு. அதுவரை அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். போனை மாற்றுவதாக இருந்தாலும் பழைய போனைக் கொடுத்துவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டை மறுத்துப் பேசினால், மூல உரையாடலைக் காட்ட அது வேண்டும். ஜிபே பதிவோடு நிறுத்தாமல், அந்த மாதத்து வங்கிக் கணக்கு அறிக்கையையும் வாங்கி நோட்டீஸின் நகலோடு சேர்த்து வையுங்கள்.