ஸ்காட்லாந்தின் ஃபைஃப் கடற்கரைக்குப் போகிறவர்கள் கேட்டவை

கேள்வி: எடின்பரோவில் இரண்டு நாள் மிச்சம். செயின்ட் ஆண்ட்ரூஸ் மட்டும் போதுமா?

போதாது. ஒரு நாள் அதற்கு, மறுநாள் தெற்கே ஈஸ்ட் நியூக் மீனவ ஊர்களுக்கு. செயின்ட் மோனன்ஸ், பிட்டன்வீம், ஆன்ஸ்ட்ரதர், கிரெய்ல் என்று அடுத்தடுத்து வரும். ஃபைஃபைப் பொன் கரை போட்ட பிச்சைக்காரன் போர்வை என்று ஆறாம் ஜேம்ஸ் மன்னர் சொன்னதாகச் சொல்வார்கள். பொன் கரை என்றது இந்தக் கடலோரத்தைத்தான்; அதைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

கேள்வி: ரயில் உண்டா?

செயின்ட் ஆண்ட்ரூஸ் ரயில் பாதையை 1969இல் மூடிவிட்டார்கள். பக்கத்து ரயில் நிலையமான லூகர்ஸில் இறங்கிப் பேருந்து பிடியுங்கள். மீனவ ஊர்களுக்கும் பேருந்துதான்.

கேள்வி: செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம் வெறும் இடிந்த சுவராமே?

ஆமாம், ஆனால் எந்தச் சுவர்! 1158இல் தொடங்கிய வேலை. 1318இல்தான் ராபர்ட் புரூஸ் மன்னர் முன்னிலையில் அர்ப்பணம் செய்தார்கள். ஸ்காட்லாந்தில் அதைவிடப் பெரிய ஆலயம் எழும்பவில்லை. 1559இல் புராட்டஸ்டன்ட் போதகர் ஜான் நாக்ஸின் பிரசங்கம் கேட்ட கூட்டம் உள்ளே புகுந்து நொறுக்கியது. அப்புறம் ஊர்க்காரர்களே கல்லைப் பெயர்த்து வீடு கட்டிக்கொண்டார்கள். ஆகவே தெருவில் நடக்கும்போது பழைய வீட்டுச் சுவர்களையும் கவனியுங்கள்.

பக்கத்துக் கோட்டையைத் தவறவிடாதீர்கள். 1546இல் கத்தோலிக்கத் திருச்சபைத் தலைவரான கார்டினல் பீட்டனைக் கொன்றவர்கள் உள்ளேயே இருந்துகொண்டார்கள். முற்றுகையிட்ட படை பாறையைக் குடைந்து சுரங்கம் வெட்ட, உள்ளே இருந்தவர்கள் சத்தத்தை வைத்துத் திசை கணித்து எதிர்ச் சுரங்கம் தோண்டினார்கள். திசை தவறி, பாதியில் விட்ட குழிகளும் உண்டு. கடைசியில் சரியாகப் போய் முட்டினார்கள். அது திறந்திருக்கும் நாளில் போனால் குனிந்து நுழைந்து பாருங்கள். அந்த இடுக்கில் நின்றால் அவர்களுடைய பயம் நமக்கும் வரும்.

கேள்வி: குழந்தைகளுக்கு?

ஆன்ஸ்ட்ரதரிலிருந்து படகில் மே தீவு. பஃபின் பறவைகள் மே, ஜூன் மாதங்களில் கட்டாயம் இருக்கும். ஆகஸ்டில் போனால் ஏமாற்றம்தான். ஸ்காட்லாந்தின் முதல் கலங்கரை விளக்கம், 1636இல் நிலக்கரி எரித்தது, அங்கேதான் நிற்கிறது.

கேள்வி: அம்மாவுக்கு மூட்டு வலி. கிரெய்ல் முடியுமா?

துறைமுகத்துக்கு இறங்கும் சாலை நல்ல சரிவு, கஷ்டம். ஆன்ஸ்ட்ரதருக்குக் கூட்டிப்போங்கள். மீன்பிடி அருங்காட்சியகம் துறைமுகத்தின் எதிரிலேயே இருக்கிறது. வெளியே வந்தால் அப்படியே கரையோரம் உட்காரலாம்.